தந்தை எழுதிய வரியும் தனயன் எழுதிய கவிதையும்

நார்வே நாட்டு இலக்கியம் என்றவுடன் தமிழ் வாசகர் பலருடைய நினைவில் முதலில் எழும் பெயர் ஹென்ரிக் இப்சன். 'பொம்மை வீடு' நாடகத்தின் வழியே அவர் நமக்கு நெடுநாள் அறிமுகமானவர். இப்சன் பிறந்த 1828ஆம் ஆண்டில் இருபது வயது மாணவராக எழுதத் தொடங்கியிருந்த மற்றொரு ஹென்ரிக்கை நம்மில் மிகச் சிலரே அறிவோம். அவர்தாம் ஹென்ரிக் வெர்கெலாண்ட். முப்பத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த அக்கவிஞர் நார்வே மக்களின் உள்ளத்தில் தனியோர் இடத்தைப் பெற்றிருக்கிறார்.

பத்தாண்டுகளாகக் கவிதையைப் படித்தும் எழுதியும் விவாதித்தும் வரும் நம் வட்டத்தில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. கவிதையால் உலகில் எதையேனும் மாற்ற இயலுமா என்பதே அவ்வினா. இதற்குப் பொதுவான விடை கூறுவது கடினம். ஒரு கவிஞருடைய வாழ்வை எடுத்துக்கொண்டு, அவர் எதனை மாற்ற முயன்றார், எவ்வளவு மாற்றினார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று பார்ப்பது பயனுடையதாகும். வெர்கெலாண்டின் வாழ்வு அதற்கு மிகப் பொருத்தமானது. அவர் மாற்ற விரும்பியது தம் நாட்டு அரசியலமைப்பில் இடம்பெற்றிருந்த ஒரே ஒரு வரியை. அவ்வரி அங்கே இடம்பெறக் காரணமாக இருந்தவர்களுள் அவருடைய தந்தையும் ஒருவர்.

ஐட்ஸ்வொல் பேரவை

நார்வே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக டென்மார்க்குடன் இணைந்து கிடந்த நாடு. நெப்போலியன் போர்களில் தோல்வியுற்ற தரப்பில் நின்ற டென்மார்க், 1814 சனவரியில் கையெழுத்தான கீல் உடன்படிக்கையின்படி நார்வேயை ஸ்வீடனுக்கு விட்டுக்கொடுத்தது. தங்களைக் கேளாமலே தங்கள் நாடு கைமாறுவதை நார்வே மக்கள் ஏற்கவில்லை. பல பகுதிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட 112 உறுப்பினர்கள் அவ்வாண்டு ஏப்ரலில் ஐட்ஸ்வொல் என்னும் ஊரில் கூடினர். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் ஓர் அரசியலமைப்பை வகுத்து, மே 17ஆம் நாள் கையெழுத்திட்டனர். அவ்வாண்டின் இறுதியில் ஸ்வீடன் மன்னரின் கீழ் நார்வே வர நேர்ந்தபோதிலும் அந்த அரசியலமைப்பு நிலைத்தது. அக்கால ஐரோப்பாவில் மிகவும் தாராளமான சாசனங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பட்டது.

அத்தகைய சாசனத்தின் இரண்டாம் பிரிவில்தான் அந்த வரி இருந்தது. லூத்தரன் திருச்சபையே அரசின் சமயம் என்று கூறத் தொடங்கும் அப்பிரிவு, இயேசு சபையினரும் துறவியர் சபைகளும் நாட்டில் அனுமதிக்கப்படலாகாது என்றும், யூதர்கள் தொடர்ந்து நாட்டிற்குள் நுழையத் தடை செய்யப்படுகிறார்கள் என்றும் விதித்தது. தொடர்ந்து என்னும் சொல் கருதத்தக்கது. டென்மார்க் மன்னர் காலத்துப் பழைய சட்டத்தில் இருந்த தடையை, விடுதலையைப் பிரகடனம் செய்த புதிய சாசனமும் அப்படியே தன்னுள் வாங்கிக்கொண்டது.

பேரவையில் இத்தடைக்காக வாதாடியவர்களுள் கிறிஸ்டியான்சாண்ட் நகரிலிருந்து வந்த நிக்கொலாய் வெர்கெலாண்ட் குறிப்பிடத்தக்கவர். அவர் கல்விமான், பள்ளி ஆசிரியர், பின்னாளில் சமய குரு. குழந்தைகளின் கல்வியில் பேரார்வம் கொண்டவர். அவருக்கும் அலெட் தவுலோ அம்மையாருக்கும் 1808 சூன் 17ஆம் நாள் பிறந்த தலைமகனே ஹென்ரிக். தந்தை ஐட்ஸ்வொல் பேரவையில் அமர்ந்திருந்தபோது மகனுக்கு வயது ஆறு கூட நிரம்பவில்லை.

இளமையும் முதற்காவியமும்

1817இல் நிக்கொலாய் ஐட்ஸ்வொல் வட்டாரத்தின் திருச்சபைக் குருவாகப் பொறுப்பேற்றார். எந்த ஊரில் சாசனம் பிறந்ததோ அந்த ஊரிலேயே ஹென்ரிக்கின் சிறுவர் பருவம் கழிந்தது. வயல்கள், காடுகள், குதிரைகள், உழவர் வீடுகள் ஆகியவை ஒருபுறம். நாட்டு விடுதலையைப் பற்றிய பேச்சு நிறைந்த தந்தையின் நூலகம் மறுபுறம். இவ்விரண்டுமே பின்னாளில் அவருடைய கவிதையின் ஊற்றுக்கண்களாயின. கிறிஸ்டியானியா என்று அந்நாளில் அழைக்கப்பட்ட ஓஸ்லோ நகரில் பள்ளிக்கல்வி பெற்று, 1825இல் பல்கலைக்கழகம் புகுந்து, 1829இல் இறையியல் தேர்வில் வெற்றி பெற்றார்.

மாணவப் பருவத்திலேயே அவர் பெயர் நகரெங்கும் பரவலாயிற்று. மே 17ஐ விழாவாகக் கொண்டாடுவதை மன்னர் கார்ல் யோஹான் விரும்பவில்லை. ஸ்வீடனுடனான இணைப்பை மறந்து நார்வே மக்கள் தனித்து நிற்க முயல்வதாக அவர் ஐயுற்றார். 1829ஆம் ஆண்டு அந்நாளில், அரசியலமைப்பின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல் ஒன்று துறைமுகம் வந்தபோது அதனை வரவேற்கத் திரண்ட மக்கள், பின்னர் நகரின் பெரிய சந்தைச் சதுக்கத்தில் கூடினர். அவர்களைக் கலைக்கப் படைவீரர்கள் ஏவப்பட்டனர். கூட்டத்தில் இருந்த இளைஞர் வெர்கெலாண்டும் வாளின் தட்டையான பக்கத்தால் அடிபட்டார். அந்நிகழ்ச்சி அவரை இளைஞர்களின் வீரராக்கியது. நான்காண்டுகளுக்குப் பின், 1833 மே 17 அன்று, அரசியலமைப்பைக் காத்து நின்ற கிறிஸ்டியன் குரோக் என்னும் அரசியலாளரின் நினைவுத்தூணைத் திறக்கும் கூட்டத்தில் உரையாற்றியவரும் அவரே.

1829இல் அவருடைய முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது. அடுத்த ஆண்டில், இருபத்திரண்டாம் வயதில், 'படைப்பு, மனிதன், மெசியா' என்னும் பெருங்காவியத்தை வெளியிட்டார். ஏறத்தாழ 720 பக்கங்கள் கொண்ட அந்நூல் உலகத் தோற்றத்திலிருந்து தொடங்கி, மனித இனம் அரசர்களுக்கும் குருமார்க்கும் அடிமைப்பட்ட வரலாற்றைப் பாடி, எல்லா மனிதரும் விடுதலை பெறும் நாளைக் கனவு காண்கிறது. எதுகைக்கும் சீரான அடிக்கும் கட்டுப்படாத நடை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட உவமைகள். இலக்கணத்தைப் பின்தள்ளி முன்னோடும் கற்பனை. படித்தவர்கள் திகைத்தனர். பலர் நகைத்தனர். சிலர் மட்டுமே அதனுள் ஒரு புதிய நாட்டின் குரலைக் கேட்டனர்.

வெல்ஹாவனுடன் நேர்ந்த போர்

நகைத்தவர்களுள் முதன்மையானவர் யோஹான் செபாஸ்டியன் வெல்ஹாவன். அவர் பெர்கன் நகரத்தவர், வெர்கெலாண்டைவிட ஏறத்தாழ ஆறு மாதம் மூத்தவர், அவரும் கவிஞர். 1830இல் ஒரு நாளிதழில் வெர்கெலாண்டை விளித்து எழுதிய பாடலில், அறிவுக்கு எதிராக எத்துணைக் காலம் வெறிகொண்டு ஆடப்போகிறாய் என்ற பொருள்படக் கேட்டார். 1832இல் வெர்கெலாண்டின் கவிதைக் கலையைக் கடுமையாக மறுக்கும் தனி நூலையும் வெளியிட்டார். 1834இல் வந்த அவருடைய 'நார்வேயின் வைகறை', சானெட் எனப்படும் பதினான்கடிப் பாடல்கள் 76 கொண்டது. நாட்டுப்பற்று என்ற பெயரில் பண்பற்ற ஆரவாரம் பெருகுவதாக அதில் சாடினார்.

இப்போர் இரு தனி மனிதர்க்கு இடைப்பட்டது என்று கருதுவது பொருந்தாது. நார்வே அன்று டேனிஷ் மொழியிலேயே எழுதிக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் பண்பாட்டோடு உள்ள தொடர்பைக் காத்து, அதன் அடித்தளத்தின்மேல் கட்டவேண்டும் என்பது வெல்ஹாவன் தரப்பின் கொள்கை. நார்வே உழவர் பேச்சிலுள்ள சொற்களை எழுத்தில் ஏற்றி, தனக்கென ஒரு மொழியை நாடு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது வெர்கெலாண்டின் வேட்கை. இதனை விளக்கி அவர் எழுதிய மொழிச் சீர்திருத்தக் கட்டுரை 1835இல் அச்சேறியது. அந்நாட்டில் பின்னர் நூறாண்டுகளுக்கு மேல் நீடித்த மொழி விவாதங்களுக்கு இங்கே ஒரு தொடக்கத்தைக் காணலாம்.

மகனுக்காகத் தந்தையே களத்தில் இறங்கினார். 1833இல் நிக்கொலாய் வெர்கெலாண்ட் மகனுடைய கவிதையையும் குணத்தையும் ஆதரித்து ஒரு நூல் எழுதினார். ஒரு குரு, ஊரார் ஏளனம் செய்யும் கவிதையைப் பகுதி பகுதியாக எடுத்து விளக்கி, இதில் பொருளுண்டு, ஒழுங்குண்டு என்று நிறுவ முனைந்தார். தந்தைக்கும் மகனுக்கும் இருந்த அன்பை இந்நூல் ஒன்றே காட்டப் போதுமானது. பின்னால் நாம் காணவிருக்கும் நிகழ்ச்சியின் கனத்தை உணர இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அவ்வீட்டில் இப்போரால் ஊமைக்காயம் பட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஹென்ரிக்கின் தங்கை கமில்லா. 1813இல் பிறந்த அவர் தம் அண்ணனின் எதிரியாகிய வெல்ஹாவன்மீதே காதல் கொண்டார். ஒருபுறம் தந்தையும் தமையனும்; மறுபுறம் உள்ளம் கவர்ந்தவர். பெண் தன் விருப்பத்தை வாய்திறந்து சொல்வதே முறையன்று எனக் கருதப்பட்ட சமூகத்தில் அவர் நாட்குறிப்பில் மட்டுமே பேச முடிந்தது. அக்காதல் நிறைவேறவில்லை. 1841இல் வெல்ஹாவனின் வட்டத்தைச் சேர்ந்த பீட்டர் யோனாஸ் காலெட் என்பவரை மணந்தார். பத்தாண்டுகளில் கைம்மை நேர்ந்தது. 1854-55இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் அவர் வெளியிட்ட 'மாவட்ட ஆளுநரின் புதல்வியர்' என்னும் புதினம், திருமணத்தில் பெண்ணின் மனத்தைக் கேட்பார் இல்லை என்ற உண்மையைச் சொன்ன முன்னோடிப் படைப்பாகும். இப்சனின் நோரா மேடையேறுவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்டது அது. அண்ணன் நாட்டின் வாயில் திறக்கப்பட வேண்டும் என்று போராடினார். தங்கை வீட்டின் வாயில் திறக்கப்பட வேண்டும் என்று எழுதினார்.

வெல்ஹாவனின் திறனாய்வு முற்றிலும் பழுதென்று கூறிவிட இயலாது. வெர்கெலாண்டின் இளமைக் கவிதைகளில் மிகை உண்டு. ஓர் உவமை முற்றுப்பெறுமுன் மற்றொன்று குறுக்கிடுவதுண்டு. 1838இல் வெளிவந்த 'கவிதைகள்' முதலாக, 1840இல் ஓவியர் யான் வான் ஹைசுமின் மலர் ஓவியத்தைப் பொருளாகக் கொண்டு எழுதிய நெடுங்கவிதை வழியாக வரும்போது, அதே கற்பனை அளவறிந்து நிற்பதைக் காணலாம். பகைவரின் சொல்லிலும் பயன் கொள்ளும் பக்குவம் அவரிடம் இருந்தது என்றே கருதத் தோன்றுகிறது.

மக்களுக்கான எழுத்து

கவிதை எழுதியதோடு அவர் அமைந்துவிடவில்லை. 1830 முதல் 1839 வரை 'பொதுமக்களுக்காக' என்னும் பொருளுடைய சிறு இதழ்த் தொடரையும், 1839 முதல் இறக்கும்வரை 'உழைக்கும் வகுப்பினர்க்காக' என்னும் இதழையும் நடத்தினார். உழவு, உடல்நலம், தூய்மை, நாட்டு வரலாறு, சட்டம் ஆகியவற்றை எளிய மனிதர்க்குப் புரியும் நடையில் எழுதினார். கிராமங்களில் நூலகங்கள் அமையப் பாடுபட்டார். விடுதலை பெற்ற நாட்டில் படிக்கத் தெரியாத குடிமகன் பாதி விடுதலையே பெற்றவன் என்பது அவர் கருத்து. சட்டைப் பையில் மர விதைகளை நிரப்பிக்கொண்டு, நடந்து செல்லும் வழியெல்லாம் தூவிச் செல்வார் என்பர்.

குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. சிறுவர்களும் இந்த நாட்டின் குடிமக்களே என்னும் கருத்தமைந்த அவருடைய 1841ஆம் ஆண்டுப் பாடல் இன்றும் மே 17இல் பாடப்படுகிறது. 1870இல் கிறிஸ்டியானியாவில் தொடங்கிய சிறுவர் ஊர்வலம், நாளடைவில் அவ்விழாவின் உயிர்நாடியாயிற்று. படை அணிவகுப்புக்கு முதன்மை தராமல் குழந்தைகளை முன்னிறுத்தித் தேசிய நாளைக் கொண்டாடும் வழக்கத்திற்கு அப்பாடல் ஒரு வித்து எனலாம்.

மன்னர் கொடையும் மக்கள் பழியும்

இறையியல் தேர்வில் தேறியிருந்தும் அவருக்குக் குருப்பணி கிட்டவில்லை. பலமுறை விண்ணப்பித்தார், பலமுறை மறுக்கப்பட்டார். சினமும் துடுக்கான பேச்சும் அவர்க்கு எதிராயின. இளமையில் பிராயம் என்னும் வழக்குரைஞர்மீது அவர் அச்சில் சுமத்திய குற்றச்சாட்டு, நெடிய வழக்காகி ஆண்டுக்கணக்கில் அவரைத் தொடர்ந்தது. இந்நிலையில், மக்கள் கல்விக்காக அவர் ஆற்றும் பணியைக் கருதி, மன்னர் கார்ல் யோஹான் தம் சொந்த நிதியிலிருந்து ஆண்டுக்கு 200 ஸ்பீசிடாலர் வழங்க முன்வந்தார். வெர்கெலாண்ட் அதனை ஏற்றார்.

விடுதலைக் கவிஞர் விலைபோய்விட்டார் என்று நண்பர்களே தூற்றினர். முன்பு அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய இளைஞர்கள் முகம் திருப்பினர். அவருடைய எழுத்துகளை ஏற்றுவந்த இதழ்களும் பகையாயின. 1839 ஏப்ரல் 27இல் அவர் மணந்த அமாலியே சோஃபியே பெக்கவோல்ட், துறைமுகத்தருகே விடுதி நடத்தியவரின் மகள். கல்வி பெற்றவர், எளிய குடியில் பெண் எடுத்ததும் சிலர்க்கு ஏளனப் பொருளாயிற்று. அமாலியேவுக்காக எழுதிய காதற் பாடல்கள் நார்வே மொழியின் சிறந்த காதற் கவிதைகளுள் அடங்குவன. 1841 சனவரியில் நாட்டின் முதல் தேசிய ஆவணக் காப்பாளராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே அரண்மனைப் பூங்காவின் ஓரத்தில் 'குரோட்டன்', அதாவது குகை, என்னும் பெயருடைய வீட்டில் குடியேறினார்.

அந்த ஒரு வரி

வாழ்வில் இவ்வளவு அலைச்சலுக்கு நடுவே அவர் ஒரு காரியத்தைக் கைவிடவில்லை. 1839இல், அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவிலிருந்து யூதர்க்கான தடையை நீக்க வேண்டும் என்ற முன்மொழிவை, ஸ்டோர்டிங் எனப்படும் பாராளுமன்றத்திற்கு எழுதினார். அந்நாளைய முறைப்படி ஸ்டோர்டிங் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும். அரசியலமைப்பைத் திருத்தும் முன்மொழிவு ஒரு கூட்டத்தில் வைக்கப்பட்டு, அடுத்த கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவைப் பெறவேண்டும். இடைப்பட்ட மூன்றாண்டுகளை அவர் வீணாக்கவில்லை. 1841இல் தடைக்கு எதிரான வாதங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் நார்வே அரசியலமைப்பின் வரலாற்றையும் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். தந்தையும் அவர்தம் தோழர்களும் ஐந்து வாரங்களில் ஆற்றிய அரும்பணியை அந்நூலில் போற்றினார். அச்சாசனத்தை அவ்வளவு நேசித்ததனாலேயே அதன் மாசு அவர் கண்ணை உறுத்தியது. தந்தையைப் பழித்தும் அவர் எழுதவில்லை. தந்தையின் பொருட்டு உண்மையை மறைத்தும் எழுதவில்லை.

1842இல், வாக்கெடுப்புக்கு முன், 'யூதன்' என்னும் கவிதை நூல் வெளிவந்தது. முட்கிளையில் பூத்த ஒன்பது மலர்க்கொம்புகள் என்று பொருள்படும் துணைத்தலைப்புடன் ஒன்பது பாடல்கள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று கிறிஸ்துமஸ் இரவைப் பற்றியது. ஊர் ஊராகச் சுமை தூக்கி விற்கும் யூத முதியவர் ஒருவர், ஸ்வீடன் காட்டில் பனிப்புயலில் சிக்கிக்கொள்கிறார். தொலைவில் விளக்கொளி தெரிகிறது. அப்போது இருளில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கவே, திரும்பிச் சென்று தேடி, பனியில் கிடந்த சிறுமியை எடுத்துத் தம் மேலாடையால் போர்த்திக்கொண்டு அவ்வீட்டின் கதவைத் தட்டுகிறார். வந்தவர் யூதர் என்று அறிந்த வீட்டார், இப்புனித இரவில் உனக்கு இடமில்லை என்று கதவைத் திறக்க மறுக்கின்றனர். விடிந்தபின் சுவரோரம் முதியவர் உறைந்து கிடக்கக் காண்கின்றனர். அவர் மார்போடு அணைத்தபடி உயிர் நீங்கிக் கிடந்த சிறுமி, அவர்களுக்கே உரிய குழந்தை.

இப்பாடலின் ஆற்றல் அதன் எளிமையில் உள்ளது. இதில் வாதம் இல்லை, அறிவுரையும் இல்லை. ஒரு கதவு, வெளியே ஒருவர், உள்ளே சிலர். மூடிய கதவு வெளியே நின்றவரை மட்டும் கொல்லவில்லை என்ற உண்மை படிப்பவர் நெஞ்சில் தானே இறங்குகிறது. நார்வேயின் இரண்டாம் பிரிவே அந்தக் கதவு என்று கவிஞர் எங்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இளமையில் 720 பக்கங்களில் மனித இனம் முழுவதையும் பாட முயன்றவர், இப்போது ஓர் இரவின் நிகழ்ச்சியில் அதே பொருளைச் சொல்லிவிடுகிறார். கவிதை எழுதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வளர்ச்சி இது.

1842 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. தடையை நீக்க 51 பேர். நீக்கலாகாது என 43 பேர். பெரும்பான்மை கிட்டியது, ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையான 63இல் 12 குறைந்தது. வெர்கெலாண்ட் சோர்ந்துவிடவில்லை. அடுத்த கூட்டத்தை எதிர்நோக்கி, 1844இல் 'யூதப்பெண்' என்னும் இரண்டாம் தொகுதியை வெளியிட்டார்.

நோய்ப்படுக்கை

1844ஆம் ஆண்டு அவருக்கு அடுக்கடுக்காக இடர்களைக் கொணர்ந்தது. பிராயம் வழக்கு இழப்போடு முடிவுற்றது. அவர் செலுத்த வேண்டிய தொகை 800 ஸ்பீசிடாலர். அதனைத் தீர்க்க ஆசையுடன் அமைத்த குரோட்டன் வீட்டை விற்க நேர்ந்தது. அவ்வாண்டு வசந்தத்தில் நுரையீரல் அழற்சி கண்டு படுத்தார். உடல் தேறுமுன்பே மே 17 விழாவுக்காக வெளியே சென்று வந்தார், நோய் மீண்டது. அதன்பின் அவர் முழுநலம் பெறவில்லை.

அந்த ஓராண்டுக் காலத்தில் படுக்கையில் கிடந்தபடியே அவர் எழுதிக் குவித்தது வியப்புக்குரியது. 'ஆங்கிலேய மாலுமி வழிகாட்டி' என்னும் நெடுங்கவிதை, 'ஹேசல் கொட்டைகள்' என்னும் வாழ்க்கை நினைவுகள், இளமைக் காவியத்தை 'மனிதன்' என்ற பெயரில் செப்பம் செய்த புதுப்பதிப்பு ஆகியவை அக்காலத்தன. தம்மைக் காக்குமாறு வசந்தத்தை வேண்டும் பாடலும், சன்னலோரத்துப் பூஞ்செடியிடம் விடைபெறும் பாடலும் அப்போது பிறந்தவை. இரண்டிலும் புலம்பல் இல்லை. தாம் நீங்கிய பிறகும் பூக்கள் பூத்துக்கொண்டிருக்கும் என்ற நினைவே அவருக்கு ஆறுதலாக இருந்ததை அவை காட்டுகின்றன.

1845 சூலை 12ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அடக்கத்தின்போது சுற்றுவட்டாரங்களிலிருந்தெல்லாம் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடினர். உடலை ஏற்றிச் செல்ல வந்த வண்டி வெறுமையாக முன்னே செல்ல, மாணவர்களே சவப்பெட்டியைத் தோளில் சுமந்தனர். துரோகி என்று தூற்றிய நகரம் அன்று தலைகுனிந்து நின்றது.

அவருக்குப் பின்

1845ஆம் ஆண்டுக் கூட்டத்திலும் தடை நீங்கவில்லை, 1848இலும் நீங்கவில்லை. மகனை இழந்த நிக்கொலாய் வெர்கெலாண்ட் 1848இல் காலமானார். தாம் வாதாடிச் சேர்த்த வரி இருந்தபடியே இருக்க, அதை அழிக்க முயன்ற மகன் மண்ணுக்குள் இருக்க, அந்த முதியவர் கண்மூடினார்.

1849 சூன் 17ஆம் நாள், கவிஞரின் பிறந்த நாளன்று, கிறிஸ்டியானியாவில் அவர் கல்லறைமேல் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர்கள் ஸ்வீடன் நாட்டு யூதர்கள். நார்வேயின் எல்லைக்கு வெளியேயுள்ள நன்றியுள்ள யூதர்கள் இதனை நிறுவினர் என்னும் பொருளில் அதன்மேல் எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. எல்லைக்கு வெளியே என்னும் சொல்லே போதும். நன்றி செலுத்த எழுப்பிய கல் உள்ளே வந்துவிட்டது. செலுத்தியவர்களுக்கு எதிரான தடை அன்றும் சட்டத்தில் இருந்தது.

1851இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. தடையை நீக்க 93 பேர். எதிராக 10 பேர். அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு உறுதி செய்யப்பட்டது. கவிஞர் இறந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. அதே பிரிவிலிருந்த பிற தடைகள் நீங்க மேலும் நெடுங்காலம் ஆயிற்று. துறவியர் சபைகளுக்கான தடை 1897இலும், இயேசு சபையினர்க்கான தடை 1956இலும் அகன்றன.

1881 மே 17 அன்று, பாராளுமன்றத்தின் அருகேயுள்ள சதுக்கத்தில் வெர்கெலாண்டின் சிலை திறக்கப்பட்டது. அவ்விழாவில் உரையாற்றியவர், பின்னாளில் 1903ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பியோர்ன்ஸ்டியர்ன பியோர்ன்சன். வெர்கெலாண்ட் குடியிருந்த குரோட்டன் வீடு, நார்வே அரசு தன் சிறந்த கலைஞர் ஒருவருக்கு வாழ்நாள் மதிப்பாக வழங்கும் இல்லமாயிற்று. 2011இல் அதனைப் பெற்றவர் யோன் ஃபோஸ்ஸே. 2023இல் அவருக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று எழுத இயலவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மன் நாஜிப் படைகள் நார்வேயைக் கைப்பற்றியிருந்தன. அவர்களுக்குக் கைப்பாவையாக ஆண்ட குவிஸ்லிங், 1942 மார்ச்சு 12ஆம் நாள் யூதர்க்கான தடையை அரசியலமைப்பில் மீண்டும் புகுத்தினான். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள், 'டோனவ்' என்னும் கப்பல் 529 யூதர்களை ஓஸ்லோ துறைமுகத்திலிருந்து ஏற்றிச் சென்றது. அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் அவுஷ்விட்ஸ். வெர்கெலாண்டைப் போற்றி விழா எடுப்பதும் அக்காலத்தில் தடைப்பட்டது. நூறாண்டுக்கு முன் இறந்த ஒரு கவிஞரைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர் என்பதே இதன் பொருள். 1945இல் நாடு விடுதலை பெற்றதும் அவ்வரி மீண்டும் நீக்கப்பட்டது.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம். வெர்கெலாண்டின் கவிதை சட்டத்தை மாற்றியதா? அவர் உயிரோடிருந்தவரை மாற்றவில்லை. 51 என்பதை 93 ஆக்கியதில் அவர் எழுத்தின் பங்கு இவ்வளவு என்று அளந்து காட்டவும் எவராலும் இயலாது. ஆனால் ஒன்று உறுதி. சட்டத்தில் எழுதிய வரியை ஒரு வாக்கெடுப்பால் நீக்கலாம். ஓர் ஆணையால் மீண்டும் எழுதலாம். அது 1851இல் நீங்கியது, 1942இல் திரும்பியது, 1945இல் மறுபடி நீங்கியது. கிறிஸ்துமஸ் இரவில் மூடிய கதவைப் பற்றிய பாடலோ எழுதிய நாள் முதல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் படித்தவர் எவரும் மூடிய கதவை முன்போலப் பார்க்க முடியாது. கவிதை செய்யக்கூடிய மாற்றம் அது; அது சிறிதன்று.

ஒவ்வோர் ஆண்டும் மே 17ஆம் நாள் காலையில், ஓஸ்லோ நகர யூத சமூகத்தினர் அந்தக் கல்லறைக்குச் சென்று மலர் வளையம் வைக்கின்றனர். எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் எழுப்பிய கல்லின் முன், எல்லைக்கு உள்ளே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நிற்கின்றனர்.